வயிற்றுக்குள் ஒரு நீலப் பந்து

சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் படியேறும்போது, எது மூட்டை, எது ஆள் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயதுவரை தலைவலி, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்த உடம்பில்லை அது. யார் என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன?

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் கழிப்பறையிலிருந்து வெளிறிப்போன முகத்தோடு வெளியே வந்து, அடுப்படியில் நின்ற மனைவியிடம், "நீலமா போகுது" என்றார்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அதற்கப்புறம் நடந்த கூத்து இருக்கிறதே, அதைச் சொல்வதற்கு முன்னால் நீலம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மூட்டைக்குக் குழம்பிய மாதிரியே உங்களுக்கும் குழம்பிவிடும்.

மூட்டைக்கு ஒரே ஒரு தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் கில்யாணம் எல்லாம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், கடைசி பெஞ்சில் யார் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவ்வளவு பொல்லாத காது. அந்தக் காதுக்குக்கூடக் கேட்காமல் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சத்தமே போடாமல் கெட்டுப்போயின.

வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து, கையில் இரண்டு ஊசிகளைக் குத்திக்கொண்டு, உடம்பிலிருக்கும் ரத்தத்தை எல்லாம் இயந்திரத்துக்குள் அனுப்பி அலசி வாங்க வேண்டும். "உன் தொழில்தாண்ணா இது. என்னையும் வாரத்துக்கு மூணு தடவ அலசிப் போடுறாங்க. காயப் போடறதுதான் பாக்கி" என்று சிரிப்பாள். மூட்டைக்குச் சிரிப்பு வராது. ஒரு தடவை டயாலிசிஸ் பாதியிலேயே ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, அவள் கண்கள் செருகி, நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கிப் பிடித்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தங்கைக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. பரிசோதனை எல்லாம் பொருந்தியும் விட்டது. சிறுநீரக டாக்டர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கிட்னி அருமையா இருக்குங்க. உங்களைத்தான் ஒத்துக்க முடியல" என்றார். இந்த எடையோடு மேசையில் போட்டால் மயக்கத்திலிருந்து எழுந்திருப்பதே கஷ்டம்; அப்படியே எழுந்தாலும், மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் இந்த உடம்பு முழுவதற்கும் உழைத்து ஓய்ந்துபோகும். இளைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மூட்டை இளைக்கப் பார்த்தார். காலையில் நடந்தார். நடந்துவிட்டு வந்த பசியில் இரண்டு பங்கு சாப்பிட்டார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். விட்டதை நினைத்து நினைத்துத் தூக்கத்தை விட்டார். எடை மட்டும் அவரை விடவில்லை. வயிற்றை அறுத்துச் சின்னதாக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டதற்கு, அதைச் செய்தால் கிட்னி கொடுப்பது ரொம்பத் தள்ளிப்போகும் என்றார்கள். கடைசியில் அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்த வயிற்று டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

"வெட்டு கிடையாது, தையல் கிடையாது" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் மயக்கம் குடுத்து, வாய் வழியா ஒரு பலூன உள்ள விட்டு, அதுல தண்ணி நிரப்பிடுவோம். அது பாட்டுக்கு வயித்துல உக்காந்திருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு தோணும். சில மாசம் கழிச்சு, போன வழியிலயே எடுத்துடுவோம்."

"வெறும் தண்ணியா?" என்று கேட்டார் மூட்டை.

"உப்புத் தண்ணி. கூட கொஞ்சம் நீலச் சாயம்."

"நீலம் எதுக்குங்க?"

"ஒழுகினா தெரியணும்ல. ஒண்ணுக்கு நீலமாவோ பச்சையாவோ போச்சுன்னா, என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்துடணும். சுருங்கின பலூன் குடலுக்குள்ள இறங்கி அடைச்சுக்கிச்சுன்னா வயித்தக் கிழிக்கிறதத் தவிர வேற வழியில்ல. அப்புறம் உங்க கிட்னிய நீங்களே தட்டுல வெச்சு நீட்டினாலும் யாரும் வாங்க மாட்டாங்க."

மூட்டை தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்க நீலத்தோடு பழகியவர் அவர். கடைசி அலசலில் தொட்டித் தண்ணீரில் சில சொட்டு நீலம் விட்டால்தான் பழுப்பேறிய விரிப்பு பளிச்சென்று ஆகும். நகக்கண்ணில் எப்போதும் நீலம் இருக்கும். இத்தனை நாள் வெளியே இருந்தது இனிமேல் உள்ளேயும் இருக்கப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டார்.

அவ்வளவு இல்லை. பலூன் உள்ளே போன முதல் நாட்களில் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. குனிந்தால் பந்து முன்னால் உருண்டது, புரண்டு படுத்தால் பக்கவாட்டில் உருண்டது. மெல்ல அது அடங்கியது. அதற்கப்புறம்தான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது.

பசி காணாமல் போய்விட்டது. மத்தியானம் மணியடித்ததும் சலவைக்கூடமே சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்; மூட்டையும் திறப்பார். திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயிற்றில் ஏதோ செய்கிறது. ஆனால் அது பசியா, குமட்டலா, தாகமா, துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு வாய் சாப்பிட்டதும் ஒரு கல்யாணச் சாப்பாட்டையே தின்றுவிட்ட மாதிரி மூச்சு முட்டும். மனைவி வீட்டில் சூப் வைத்து, அதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அழுவாள்.

"ஏன் அழற?"

"இத்தன வருஷமா உங்களுக்கு ஆக்கிப் போட்டேன். இப்ப யாரோ விருந்தாளி மாதிரி கொறிக்கிறீங்க. இது நீங்கதானான்னே சந்தேகமா இருக்கு."

அந்தச் சந்தேகம் அவருக்கே இருந்தது. வயிற்றுக்குள் இப்போது இருப்பது அவருடையது இல்லை. அவருடையதாக இருக்கும் ஒன்று கொஞ்ச நாளில் உள்ளே இருக்கப்போவதில்லை. இதை நினைத்தாலே அவருக்கு ஒன்றுமே புரியாமல் போய்விடும். யாரிடம் போய்ச் சொல்வது? இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்து, "வீட்ட வாடகைக்கு விட்டுட்டு நீங்க வாசல்ல படுத்திருக்கீங்கண்ணே" என்றார். அதிலும் ஒன்றும் தெளியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் தங்கைதான். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டயாலிசிஸ் நாட்களில் மூட்டைதான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்னாலும் இறக்கியதற்கு அப்புறமும் அவளை எடை பார்ப்பார்கள். அவள் இறங்கியதும் மூட்டை ஏறுவார். அவளுக்குத் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவருக்குக் கொழுப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் பெருமையாகத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, நாள் குறிக்கச் சொல்லலாமா?" என்பார்.

"மொதல்ல இளைங்க சார், அப்புறம் பாக்கலாம்" என்பாள், வகுப்பில் பேசுகிற குரலில்.

அல்லது, "நான் ஒரு கிளாஸ் தண்ணிக்கு மேல குடிக்கக் கூடாதுங்கிறாங்க. உனக்கு வயித்துக்குள்ளயே குடம் வெச்சுக் குடுத்திருக்காங்க. இது என்ன நியாயம்ணா?" என்று பேச்சை மாற்றுவாள்.

மூட்டைக்கு மண்டை காயும். ஒருவேளை என் கிட்னி இவளுக்குப் பிடிக்கவில்லையா? எடையைச் சாக்கு வைத்துத் தட்டிக்கழிக்கிறாளா? கேட்டுவிடலாம்தான். கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. வாந்தி எடுத்து, பட்டினி கிடந்து, பந்தைச் சுமந்துகொண்டு, வாங்கிக்கொள்வாளா மாட்டாளா என்றே தெரியாத ஒருத்திக்காக மனிதர் இளைத்துக்கொண்டிருந்தார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம். நீலமாகப் போகிறது என்றதும் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள் அல்லவா? அடுப்பை அணைக்கவும் மறந்து, கிடைத்த வண்டியைப் பிடித்து, அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியெல்லாம் மூட்டை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். பந்து சுருங்கிச் சுருங்கி இறங்குவதை அவரால் உணரவே முடிந்தது. எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடச் சொன்னார். "இப்ப தொப்புளுக்குக் கீழ வந்துடுச்சு" என்றார்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். பந்து வைத்த இடத்தில் வைத்தபடி, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. ஒரு குப்பியைக் கொடுத்து, போய் வரச் சொன்னார். குப்பியில் வந்தது நல்ல மஞ்சள். டாக்டரம்மா குப்பியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"உங்க வீட்டு டாய்லெட் தண்ணித் தொட்டியில ஏதாவது போட்டிருக்கீங்களா?"

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாள் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று, தண்ணீர்த் தொட்டிக்குள் போடும் நீலக் கட்டியை வாங்கி வந்து போட்டிருந்தாள். வாசனையாக இருக்குமாம். நீலமாக இருக்கும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"தொப்புளுக்குக் கீழ வந்துடுச்சுன்னு சொன்னாருங்க" என்றாள், ஏதோ அதுதான் அத்தாட்சி என்பதுபோல.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூட்டை அசடு வழிந்தபடி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

விஷயம் சலவைக்கூடத்துக்குப் போகாமல் இருக்குமா? இஸ்திரி போடுகிறவர் காதில் விழுந்தால் போதுமே. அன்றிலிருந்து மூட்டை கழிப்பறைப் பக்கம் நடந்தாலே, "அண்ணே, இன்னிக்கு என்ன கலரு?" என்று ஒரு குரல் வரும். துவைப்பவர்கள், பிழிபவர்கள், மடிப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் தங்கையும் கேட்பாள். மூட்டைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி நீலக் கட்டியை எடுத்து எறிந்துவிட்டாள். மூட்டையோ குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். கண்ணை மேலே, கூரையில் வைத்துக்கொண்டு போய்விட்டு வருவார். டாக்டரம்மா பார்க்கச் சொன்ன ஒன்றே ஒன்று அதுதான். வெட்கம் அதையும் மூடிவிட்டது.

அந்தச் சலவைக்கூடத்தின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மிஞ்சிய நீலத் தண்ணீரை முன்பெல்லாம் தெருச் சாக்கடையில்தான் கொட்டுவார்கள். தெருவே நீலமாக ஓடுகிறது என்று எதிர்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததிலிருந்து, வாளியைக் கொண்டுபோய்க் கழிப்பறைப் பீங்கானில் ஊற்றுவது என்று ஆகிவிட்டது. அதனால் அங்கே எந்நேரமும் பீங்கானில் நீலம் தேங்கி நிற்கும். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

எடை பார்த்து முடிவு சொல்ல அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார் சிறுநீரக டாக்டர். இன்னும் கொஞ்சம்தான் இறங்க வேண்டும். அப்படியிருக்கையில் ஒரு நாள் காலை, மூட்டை துணிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, வயிற்றுக்குள் என்னவோ அசைந்தது. வெகுநாள் வெளியூர் போயிருந்த ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. யாரென்று யோசித்துப் பார்த்தார். பசி.

அவருக்கு ஒரே ஆச்சரியம். மத்தியானம் டப்பாவைத் திறந்தார், பார்த்தார், முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். இன்னும் வேண்டும் போல இருந்தது. இஸ்திரி போடுகிறவர் தன் டப்பாவை நீட்டினார். அதிலும் பாதியைச் சாப்பிட்டார்.

"பழைய அண்ணன் வந்துட்டாரு" என்று இஸ்திரிக்காரர் எல்லோருக்கும் அறிவித்தார்.

"ஒடம்பு பழகிடுச்சு போல இருக்கு" என்றார் மூட்டை. அப்படித்தான் நம்பினார். பந்தோடு வயிறு ராசியாகிவிட்டது, இனிமேல் சுகம்தான் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. கழிப்பறைக்குப் போனபோது அன்றைக்கென்று கண் தன்னால் கீழே போனது. நீலம். யாரோ வாளியை ஊற்றிவிட்டுத் தண்ணீர்கூட விடாமல் போயிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே வந்தார். இன்னொரு தடவை ஓடிப்போய் டாக்டரம்மா முன்னால் அசடு வழிய அவருக்கு என்ன கிறுக்கா?

சாயங்காலம் தங்கைக்கு டயாலிசிஸ். அவள் பாதி சாப்பிட்டு மூடிவைத்த ரொட்டி டப்பா ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூட்டை பேசிக்கொண்டே அதைத் திறந்தார். பேசிக்கொண்டே ஒன்றை எடுத்தார். பேசிக்கொண்டே டப்பா காலியாகிவிட்டது.

தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணா, மத்தியானம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேனே. நல்லா சாப்பிட்டேன்."

"எவ்வளவு?"

மூட்டை பெருமையாகச் சொன்னார். தன் டப்பா, இஸ்திரிக்காரர் டப்பாவில் பாதி. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது அவருக்குப் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் இப்படிப் பார்க்கிறாள்?

"எழுந்து போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வா. பாத்துட்டு வா" என்றாள்.

"இப்பதான் சலவைக்கூடத்துல போயிட்டு வந்தேன். யாரோ வாளிய ஊத்தி வெச்சிருந்தான், கடங்காரன்."

"வாளியா?" என்று கேட்டுவிட்டுக் காலி டப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "போயிட்டு வாண்ணா."

கழிப்பறைக் கதவு அவள் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது. மூட்டை முணுமுணுத்தபடி உள்ளே போனார். ஆஸ்பத்திரிப் பீங்கான், கண் கூசும் வெள்ளை. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் ஒன்றுக்குப் போனார். பெரிய தொட்டியில் முதல் சொட்டு நீலம் விழுந்ததும் தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு நிறம் மாறுமே, அப்படி மாறியது.

மூட்டை நம்பவில்லை. இங்கேயும் யாராவது கட்டி போட்டிருப்பார்களோ என்று தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். வெறும் தண்ணீர். மூடியைத் திரும்ப வைத்தார். ஒரு தடவை தண்ணீர் விட்டார். ஓரத்தில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை விட்டார். எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். போய்ச் சொன்னால் இன்றைக்கே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் இந்தப் பசி நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும். இறங்கின முள் ஏறும். நாள் தள்ளிப்போகும். இவள் கண் மறுபடியும் செருகும், நாற்காலியைச் சாய்ப்பார்கள், காலைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரே ஒரு வாரம். பந்து ஒரு வாரம் தாங்காதா? அது இறங்கினால்தானே ஆபத்து? இறங்குமா? இறங்கி அடைத்தால்? அவருக்கு எது சரி, எது தப்பு என்று எதுவுமே பிடிபடவில்லை. பயமாக மட்டும் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன கலரு?"

"மஞ்சள்தான். சுத்த மஞ்சள்."

தங்கை எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"மஞ்சளுக்கு எதுக்கு ரெண்டு தடவ தண்ணி விட்ட?"

மூட்டை கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டி மூடிய வேற தூக்கிப் பாத்திருக்க."

இந்தக் காதை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ன பாடு படுகிறார்களோ. மூட்டை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே ஒரு வாரம்மா" என்றார். "அடுத்த வாரம் எடை பாத்துட்டாங்கன்னா அப்புறம் எடுத்துக்கட்டும். நான் தாங்கிக்குவேன். குடுக்கிறவன் நான்தானே? எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அது யாருது?" என்றாள் தங்கை.

"எது?"

"கிட்னி."

மூட்டைக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னது இது, என்னோடதுதான். அதத்தானே உனக்கு..."

"உன்னோடது இல்ல. என்னோடது. நீ தூக்கிட்டு நடக்கிற, அவ்வளவுதான். ஓட்டல் விரிப்பத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றியே, அது உன்னோடதா? ஆணியில மாட்டி ஒரு நூல் பிரிஞ்சாலே அன்னிக்கெல்லாம் சாப்பிடாம பொலம்புவ. என் பொருளு கிழிஞ்சா மட்டும் உனக்குப் பரவால்லையா? அந்தப் பலூன் எறங்கி, உன் வயித்தக் கிழிச்சாங்கன்னா, அப்புறம் நான் யாருகிட்ட போய்க் கேக்கிறது?"

அவள் குரல் உயரவில்லை. ஊசி குத்தியிருந்த கையை மட்டும் தன்னை மறந்து அசைத்துவிட்டாள். இயந்திரம் அதைக் கண்டுபிடித்து ஒரு தடவை கூவி அடங்கியது.

"நீ வேணும்னே சொல்லலையேம்மா" என்றார் மூட்டை. இத்தனை மாதம் கேட்காமல் வைத்திருந்தது, எப்படியோ வாயில் வந்துவிட்டது. "ஒரு தடவகூடச் சொல்லலையே. உனக்கு இஷ்டமில்லையோன்னு நான் எத்தன நாளு..."

"சொல்லிட்டா ஆசை வந்துடும்ணா. ஆசை வந்தப்புறம் கெடைக்கலன்னா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லல." அப்போதுதான் அவள் அவர் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "வேணும். எனக்கு அது வேணும். இப்ப சொல்லிட்டேன், போதுமா? எழுந்திரு."

அவர் எழுந்திருப்பதற்குள் அவள் அந்தப் பக்கமாகப் போன நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், இவரு வயித்துல இருக்கிற பலூன் ஒழுகுது. சொல்லாம ஏமாத்தப் பாக்கிறாரு. மேல அனுப்புங்க. தனியா விடாதீங்க, ஓடிப்போயிடுவாரு."

மேல்மாடியில் ஸ்கேன் எடுத்தார்கள். பந்து பாதியாகச் சூம்பிப்போய், இன்னும் வயிற்றுக்குள்தான் இருந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மூட்டை தன் டப்பாவையும், இஸ்திரிக்காரர் டப்பாவையும், தங்கையின் ரொட்டியையும் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு சாப்பாடு உள்ளே இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும். வயிறு காலியாகும்வரை காத்திருந்துதான் எடுக்க முடியும். அதுவரை ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்று கையில் ஒரு ஊசியைக் குத்தி, குழாயை மாட்டி, துணைக்கு ஒரு நர்ஸையும் வைத்தார்.

"அடுத்த வாரம் எடை பாக்கிறது?" என்று மூட்டை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது தள்ளித்தான் போகும். மொதல்ல இத எடுப்போம். இன்னொண்ணு வைக்கலாமா, இல்ல நீங்களே வாயக் கட்டிப் பாக்கிறீங்களான்னு அப்புறம் பேசுவோம். வழி இல்லாம போயிடல. இன்னிக்கு சொல்லாம இருந்திருந்தீங்கன்னா இல்லாம போயிருக்கும்."

மூட்டை கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, குழாயோடும் நர்ஸோடும் சக்கர நாற்காலியில் கீழே வந்தார். தங்கைக்கு இயந்திரம் முடியும் நேரம். அண்ணன் கையில் ஒரு ஊசி, தங்கை கையில் இரண்டு ஊசி.

"தள்ளிப்போயிடுச்சும்மா" என்றார்.

"போகட்டும். அலசிக்கிறேன்" என்றாள் தங்கை. பிறகு ஊசியில்லாத கையை நீட்டினாள். "எந்தப் பக்கத்தது?"

"இடது பக்கத்ததுன்னு சொன்னாங்க."

அவருடைய சட்டைக்கு மேலே, இடுப்புக்குக் கொஞ்சம் மேலாக, முதுகுப் பக்கம் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. மூட்டை மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பத்திரமா வெச்சிரு" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். மேலே கூட்டிப்போக நர்ஸ் நாற்காலியைத் திருப்பியபோது, "பாத்தும்மா, அந்தப் பக்கம் கதவுல இடிச்சிடப் போகுது" என்று இடது விலாவைக் கையால் பொத்திக்கொண்டார்.